ஆட்டிடம் சொன்னவை

என் பெண்டாட்டி என்னிடம் பேசுவதில்லை. ஆட்டிடம்தான் பேசுவாள்.

"ஏ ஆடே, சோறு ஆறிப்போவுது. வேணும்னா வந்து திங்கச் சொல்லு."

ஆடு சொல்லாது. நான் போய்த் தின்பேன். முதலில் கோழியிடம் சொல்லிப் பார்த்தாள். கோழி நிற்காது, பாதிப் பேச்சில் ஓடிவிடும். அப்புறம்தான் ஆடு வாங்கினாள். அந்த ஆடு செத்து, இப்போது இருப்பது இரண்டாவது. கறுப்புக் கிடா. காதில் மட்டும் வெள்ளை. அவள் பேசும்போது தலையைத் தூக்கிக் கேட்கும். என்னைவிட மரியாதை தெரிந்த ஆடு.

அவள் பேச்சை நிறுத்தியது எங்கள் மகன் ஜெயிலுக்குப் போன அன்றைக்கு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் பாரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் தொழில் தேங்காய் தொலிப்பது. கொட்டாரம் ஊரைச் சுற்றி எத்தனை தோப்பு உண்டோ அத்தனையிலும் தொலித்திருக்கிறேன். பாரை கூர்முனை வைத்த இரும்பு, மண்ணில் நட்டால் முனை வானத்தைப் பார்த்து நிற்கும். தேங்காயை அதில் குத்தி ஒரு திருப்புத் திருப்பினால் மட்டை பிளக்கும். வேலை ஓய்ந்தால் முனையில் ஒரு தொண்டைச் செருகி வைப்போம். தொண்டு என்றால் அந்த மட்டைதான். பிள்ளைகள் ஓடுகிற முற்றம், அதனால் அப்படி ஒரு வழக்கம்.

அன்றைக்கு வேலை ஓயவில்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் நான் தொலித்துக்கொண்டுதான் இருந்தேன். மகனும் அவன் கூட்டுக்காரனும் குடித்துவிட்டு வந்தார்கள். பைக் சாவி யார் கையில் என்பதுதான் சண்டை. சாவி பைக்கிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல நான் வாயைத் திறக்கிறதுக்குள் மகன் அவனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். அவன் பின்பக்கமாகப் பாரையில் விழுந்தான். நான் கை எட்டுகிற தூரத்தில் இருந்தேன். வேறு ஒருவரும் இல்லை. நான் பிடித்தபோது அவன், "மாமா, பாரைய எடுங்கோ" என்றான். இரண்டு தடவை சொன்னான். அப்புறம் சொல்லவில்லை.

நாகர்கோயில் கோர்ட்டில் என்னிடம் கேட்டார்கள், தள்ளினானா, தடுக்கி விழுந்தானா என்று. "விழுந்தான்" என்று சொல்ல எங்கள் வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். என் பெண்டாட்டி அம்மன் கோயில் குங்குமத்தை என் நெற்றியில் வைத்து அனுப்பினாள். நான் "தள்ளினான்" என்று சொன்னேன். பாரையை எடுக்கச் சொன்னவன் குரல் காதில் இருக்கும்போது வேறு எதுவும் வாயில் வரவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

இனி ஒரு நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் காலேஜில் படிக்கிறாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முற்றத்தில் நடந்துகொண்டே சத்தம் போட்டுத்தான் படிக்கும். ஒருநாள் அவள் படித்தது காதில் விழுந்தது. குடித்துவிட்டு ரயில்வே கேட்டைத் திறந்து போட்டான் ஒரு மகன். ஒரு வேன் ரயிலில் மாட்டி ஆட்கள் செத்தார்கள். கேட்டுக்குக் காவல்காரன் அவன் அப்பன். மகன்தான் செய்தான் என்று அந்த அப்பனே விசாரணையில் சொல்லிவிட்டான். மகன் ஜெயிலில் தூக்கு மாட்டிச் செத்தான்.

"ஏட்டி, ஆரைப் பத்திப் படிக்கே?" என்று கேட்டேன்.

"நாடகம் பாட்டா. பரீச்சைக்கு. துன்பியல் நாடகம்."

"எனக்க கதை மாதிரி இருக்கே."

அவள் நாக்கைக் கடித்தாள். "அய்யோ, இல்ல பாட்டா. இதுல ரயிலு வருதுல்லா?"

அப்புறம் அவளே கேட்டாள், அவர்கள் சார் இந்த நாடகத்தில் யார் எப்படிப்பட்டவர், யாருக்கு யார் என்ன உறவு, நீதி எங்கே இருக்கிறது என்று விவாதம் வைக்கப் போகிறார், பாட்டா வந்து உட்கார முடியுமா என்று. நான் பள்ளிக்கூடத்து வாசல் மிதிக்காதவன். ஆனாலும் சரி என்றேன். காரணம் உண்டு. மகனுக்குத் தண்டனை முடிந்து வருகிற புதன்கிழமை விடுகிறார்கள். அப்பன் இருக்கிற வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று தாயிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். அவன் வர வேண்டுமென்றால் நான் வீட்டைவிட்டு இறங்க வேண்டும். இறங்க வேண்டியவன் நான்தானா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. படித்த பிள்ளைகள் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

வெள்ளைச் சட்டை போட்டுக் காலேஜுக்குக் கிளம்பும்போது என் பெண்டாட்டி ஆட்டிடம் சொன்னாள்: "மாப்பிள்ள கெளம்பியாச்சு. மாலை கொண்டாந்து போடச் சொல்லு."

வகுப்பில் என்னை முன்னால் ஒரு நாற்காலியில் இருத்தினார்கள். எல்லாப் பிள்ளைகளும் நாடகத்தைப் பார்க்கிற மாதிரி என்னையே பார்த்தார்கள். ஒரு பையன் எழுந்து, "அந்த அப்பன்தான் சார் கொலகாரன். மகனைக் கொன்னுட்டு நியாயம்னு சொல்லுகான்" என்றான். ஒரு பெண் பாய்ந்து வந்தாள்: "அப்போ வேன்ல செத்தவங்களுக்கு ஆருலே பேசுவா? உனக்க மாமனா?" ஒரே சிரிப்பு.

இன்னொருவன் என்னிடமே கேட்டான்: "பாட்டா, உங்களுக்கு உறக்கம் வருமா?"

"தேங்கா தொலிச்சா வரும்."

அதற்கும் சிரித்தார்கள்.

"மோன் மேல பாசம் இல்லியா?"

"பாசம் உண்டும் மக்கா. அதுக்காவ பாரை வளைஞ்சு குடுக்குமா?"

இதைச் சார் போர்டில் எழுதினார்.

கடைசி பெஞ்சில் ஒருத்தி கேட்டாள்: "சார், இதுல அம்மைக்க கதாபாத்திரம்?"

"அவ சும்மா தண்ணி கொண்டு வாறவதானே. ரெண்டு மார்க்குல கேட்டா பாத்துக்கிடலாம்" என்றார் சார்.

அப்புறம் கை தூக்கச் சொன்னார். அப்பன் செய்தது நீதி என்று ஏகப்பட்ட கை. கொலைகாரன் என்று சொன்ன பையனும் கடைசியில் தூக்கினான். கை தட்டி எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

பொன்னாடையோடு வீட்டுக்கு வந்தேன். அவள் அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். நானும் அவள் வழிக்குப் போய் ஆட்டிடம் சொன்னேன்: "ஆடே, காலேஜில கை தூக்கியாச்சு. அப்பன் செஞ்சது நியாயம்தானாம்."

அவள் குழவியை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள்.

"அந்த நாடகத்துல அம்மை என்ன சொல்லுகா?"

என்னிடம்தான் கேட்டாள். எத்தனை வருஷத்துக்கு அப்புறம்! நான் ஒரு மடையன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"ஒண்ணும் சொல்லல. தண்ணி கொண்டு வருவா."

"செரி. புதன்கிழம அவன் வாறான். நீங்க அதுக்கு முன்ன எறங்கிருங்க. கை தூக்குனவனுவ சோறு போடட்டும்."

"இது எனக்க வீடு பிள்ளே."

"நியாயம் உங்களுக்கு. வீடு எனக்கு. பிரிச்சாச்சு." மறுபடியும் அரைக்கத் தொடங்கினாள்.

தோப்புக்காரர் பம்பு செட்டு அறையில் படுத்துக்கொள்ளச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீட்டு முற்றம் தெரியும். புதன்கிழமை ஆட்டோ வந்தது. மகன் இறங்கினான். தலை நரைத்திருந்தது. என் அப்பனை உரித்து வைத்தாற்போல இருந்தான். அவள் அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். பாரை நட்டிருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் அவன் உள்ளே போனான். பாரையைப் போலீஸ் கொண்டுபோய் எத்தனையோ காலம் ஆகிறது, அங்கே ஒன்றும் கிடையாது. ஆனாலும் சுற்றித்தான் போனான்.

மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண் தூக்குவாளியோடு வந்தாள். திறந்தால் ஆட்டுக்கறி.

"எந்த ஆடு மக்கா?"

"உங்க வீட்டுக் கிடாதான் பாட்டா. காலைல அறுத்தாச்சு. ஆச்சி இனி அது எதுக்குன்னு சொன்னா."

"எனக்கு வேற ஏதும் சொல்லி விட்டாளா?"

"இல்ல. வாளியக் கழுவித் தரச் சொன்னா." அவள் கொஞ்சம் நின்றாள். "பாட்டா, பரீச்சை நல்லா எழுதியிருக்கேன். பாரை வளையாதுன்னு நீங்க சொன்னதையும் எழுதினேன்."

"நல்லது மக்கா."

சோறு இல்லாமல் கறியை மட்டும் தின்றேன். உப்பு, மிளகு எல்லாம் சரியாக இருந்தது. அவள் கைப் பாகம் ஒருநாளும் தப்பாது. மிச்சம் வைக்காமல் தின்று, மோட்டார்த் தண்ணீரில் வாளியைக் கழுவிக் கொடுத்து அனுப்பினேன்.