பி.பி. பார்க்காமல் விழுங்கிய மாத்திரை

எனக்கு எட்டாம் மாதம் நடந்தபோது பி.பி. ஏறியது. "வாரா வாரம் வந்து காட்டுங்கம்மா" என்றார் டாக்டர். நஞ்சுக்கொடியைச் சேதத்திலிருந்து காக்கும் நொதிகள் குறைந்தால்தான் இப்படி ஆகும், அதற்கு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போதும் என்று செல்போனில் ஒரு வீடியோ சொன்னது. மந்தாரக்குப்பம் மருந்துக்கடையில் நானே வாங்கி விழுங்கினேன். அந்தத் தைரியத்தில் இரண்டு வாரம் டாக்டரிடம் போகவில்லை.

ஒருநாள் காலையிலிருந்து குழந்தையின் அசைவு குறைந்தது. மதியம் ஷிப்ட் முடிந்து வந்த கணவர் என் வீங்கிய முகத்தைப் பார்த்துப் பதறினார். "இன்னும் ஏன் உக்காந்துகினு இருக்க? கெளம்பு!"

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பி.பி. எகிறியிருந்தது. மாத்திரையைக் காட்டினேன். "இது பி.பி.யைத் தடுக்காதும்மா. நீங்க வந்திருந்தா முன்னாடியே கண்டுபிடிச்சிருப்போம்" என்றார் டாக்டர். அன்று மாலையே ஆபரேஷன். மகள் மூன்று வாரம் இன்குபேட்டரில் கிடந்து பிழைத்தாள்.

இப்போது மறுபடி கர்ப்பமாக இருக்கிறேன். சொன்ன தேதியில் பி.பி. பார்த்துவிடுகிறேன். குழந்தையின் அசைவைக் கவனிக்கிறேன். குறைந்தால் யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன். போன வாரம் பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா ஆசையாக ஒரு சத்து மாத்திரை டப்பாவை நீட்டினார்.

"டாக்டர் சொல்லட்டும்க்கா, அப்புறம் சாப்புடுறேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.