கேட்டக்கா

முதலில் இரண்டு தோள்களையும் ஒரு அழுத்து. பிறகு அக்குள், இடுப்பு, துணி மடிப்பு என்று கைகள் இறங்கும். சாப்பாட்டுப் பையின் அடியை வெளியிலிருந்தே ஒரு பிசை பிசையும். கைகள் இத்தனையும் செய்துகொண்டிருக்க, கண்கள் எதிரில் நிற்பவளின் தொண்டையை விட்டு நகராது.

"கையில என்ன கிடைக்கும், சீப்பும் சில்லறையும்தான். தொண்டையைப் பார்த்தா தெரிஞ்சுடும். எதையாவது ஒளிச்சு வெச்சிருக்கறவ எச்சில் முழுங்குவா" என்று, பத்திரிகைக்கு எழுதப் போயிருந்த எனக்குக் கேட்டக்கா விளக்கினார். சொல்லிக்கொண்டே என் தொண்டையைப் பார்த்தார். நான் முழுங்கிவிட்டேன். பையை இன்னொரு முறை திறக்கச் சொன்னார்.

வெளிநாட்டுக்கு உடுப்பு தைத்து அனுப்பும் தொழிற்சாலை அது. உள்ளே போகும்போது கைப்பேசி கூடாது, வெளியே வரும்போது துணி கூடாது. பெண்களைத் தடவிப் பார்த்து இரண்டையும் தடுப்பது இவர் வேலை. 'கேட் அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தவர்கள் வாய் வேகத்தில் 'கேட்டக்கா' ஆக்கிவிட்டார்கள். எல்லார் பேச்சையும் கேட்டு வைத்துக்கொள்கிற அக்கா என்றும் அதற்குள் ஓர் அர்த்தம் கிடப்பதால் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. அவர் பக்கத்தில் வந்தால் பேச்சு நின்றுவிடும். "என்னடி, நான் வந்ததும் ரேடியோ நின்னுபோச்சு" என்பார். ஒருத்தியும் சிரிக்க மாட்டாள்.

யார் தேநீர் கொடுத்தாலும் வாங்கமாட்டார். "குடிச்சா செத்துடுவேன்னு இல்ல. குடிச்சு முடிச்சதும் ஏதாவது கேப்பாங்க." பேருந்தில் கடைசி இருக்கை காலியாக இல்லாவிட்டால் நின்றுகொண்டே போவார். ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எடுத்தா எங்க போகும்?"

"பத்திரிகையில வரும்மா."

"வந்ததுக்கு அப்புறம்?"

கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். படம் எடுக்கவில்லை.

அந்தக் கைகளை ஊர் வேறொரு இடத்திலும் பார்த்திருக்கிறது. சண்டைக் காலத்தில் ஊரை ஆறு இரண்டாகப் பிரித்தது. அக்கரை ஒரு தரப்பிடம், இக்கரை இன்னொரு தரப்பிடம். பாலத்தைக் கடக்கும் பெண்களைச் சோதிக்க ஒரு பெண் தேவைப்பட்டாள். வீட்டில் கைக்குழந்தை, கடையில் அரிசி இல்லை, இவர் போனார். பாலம் கைமாறியபோதெல்லாம் அங்கே நின்றவர்களின் சீருடை மாறியது, சோதிக்கிற பெண் மாறவில்லை.

"இவங்க வந்தா, நீ அவங்க ஆளுன்னாங்க. அவங்க வந்தா, நீ இவங்க ஆளுன்னாங்க. திட்டி முடிச்சுட்டு ரெண்டு பேருமே காலைல சீக்கிரமா வேலைக்கு வந்துடுன்னாங்க."

கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஒரு மத்தியானம் ஒரு வண்டி நேராகப் பணிமனைக்குள் வந்து நின்றது. இறங்கியவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருந்தது. எந்தப் பேருந்துக்கு அடியில் படுத்திருக்கிறார் என்பதும் தெரிந்திருந்தது. கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. கேட்டக்கா பாலத்தின் இரண்டு முனையிலும் போய்க் கேட்டார். இரண்டு முனையிலும் எங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

"எந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனாங்கன்னு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. இப்ப கேக்கறதில்ல. ஆனா யாரோ ஒருத்தர் அவர் பேரைச் சொல்லிக் கொடுத்துத்தானே வந்தாங்க? அந்த யாரோ செத்துப்போயிருந்தா சரி. இல்லேன்னா இங்கதான் இருக்காரு. தினம் எனக்கு குட்மார்னிங் சொல்றவங்கள்ல ஒருத்தரா இருக்கலாம்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. உள்ளே போகும் லாரியின் எண்ணைப் படித்துக்கொண்டே சொன்னார்.

பிறகு சமாதானம் வந்தது. ராணுவ முகாம் இருந்த மைதானத்தில் தொழிற்சாலை எழுந்தது. அதுவரை குண்டும் குழியுமாகக் கிடந்த சாலை துறைமுகம் வரைக்கும் வழவழவென்று நீண்டது. காட்டில் துப்பாக்கியோடு திரிந்தவர் அமைச்சராகி வந்து நாடாவை வெட்டினார். ஒரு தரப்புக்குச் சாப்பாடும் தோட்டாவும் ஏற்றி அனுப்பியவர் இப்போது இங்கே மேலாளர். மறு தரப்புக்கு ஒலிபெருக்கி கட்டிப் பேசியவர் தொழிற்சங்கச் செயலாளர். இருவரும் காலையில் இதே வாசலில்தான் நுழைகிறார்கள்.

"ஒருத்தர் ஷிஃப்ட் போடறாரு, இன்னொருத்தர் சங்கம் நடத்தறாரு. ரெண்டு பேர் பிள்ளைங்களும் ஒரே பள்ளிக்கூடத்துல படிக்குது. அப்போ அந்தச் சண்டை யாருக்கும் யாருக்கும் நடந்துச்சு?" என்று கேட்டார். இந்தத் தொழிற்சாலையால் ஊர் முன்னேறியிருக்கிறதே என்றேன். "பத்து வருஷத்துக்கு வரி கிடையாதாம் இவங்களுக்கு. பதினோராவது வருஷம் இங்க இருப்பாங்களான்னு நீயே கேட்டுச் சொல்லு."

அவர் வீட்டுக்குள்ளும் அந்த முன்னேற்றம் வந்திருந்தது. மகனுக்கு நிலையான வேலை இல்லை. இதே தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் வைக்கும் மருமகளின் சம்பளத்தில்தான் பாதி வீடு ஓடுகிறது. அதனால் காலையில் அடுப்படியில் நிற்பது மகன். "ஆம்பளை சமைச்சா நல்லாத்தான் இருக்கு. எத்தனை நாளைக்குன்னுதான் பாக்கறேன்" என்பது மாமியாரின் கருத்து. மாமியாரும் மருமகளும் ஒரே பேருந்தில் வருவார்கள், தனித்தனியாக உட்காருவார்கள், வாசலில் ஒருவர் மற்றவரைத் தடவிப் பார்ப்பார். மருமகளுக்கென்று ஒரு சலுகையும் கிடையாது. "வீட்டுல மாமியார், வாசல்ல போலீசு. எனக்கு எந்தப் பக்கமும் விடுதலை இல்ல" என்று அந்தப் பெண் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நான் போய் வந்த சில வாரங்களில் அது நடந்தது. இஸ்திரிப் பகுதியில் ஒரு வயர் கருகி, மாடி முழுக்கப் புகை சூழ்ந்தது. பெண்கள் பின்படிக்கட்டுக் கதவை நோக்கி ஓடினார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்களை நசுக்கினார்கள். கதவு திறக்கவில்லை. யாரோ மின்சாரத்தை நிறுத்தியதால் தீ பிடிக்காமல் கட்டடம் தப்பித்தது. ஒரு பெண்ணின் கை முறிந்தது, பலர் மயங்கி விழுந்தார்கள். கதவு பூட்டியிருக்கவே இல்லை என்றார் மேலாளர். பயத்தில், தள்ள வேண்டிய கதவை இழுத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னதைச் செய்தித்தாள்களும் அப்படியே போட்டன.

அடுத்த வாரம் ஊரில் எல்லார் கைப்பேசியிலும் ஒரு வீடியோ ஓடியது. அதே கதவு. இரண்டு கைப்பிடிகளையும் சுற்றிச் சங்கிலி, அதில் கைமுட்டி பருமனுக்கு ஒரு பூட்டு. பின்னணியில் தையல் இயந்திரங்களின் சத்தம். முகம் எதுவும் இல்லை. அது கடல் தாண்டி, சட்டைகளை வாங்கி விற்கிற கம்பெனிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் சங்கிலி காணாமல் போனது.

மேலாளர் கேட்டக்காவைத் தன் அறைக்கு அழைத்தார். "உக்காருன்னு நாற்காலியைக் காட்டினாரு. அப்பவே ஏதோ இருக்குன்னு புரிஞ்சுது" என்றார் கேட்டக்கா. அவர் சொன்னபடி பேச்சு இப்படி நடந்தது.

"போன் உன்னைத் தாண்டித்தானே உள்ள போயிருக்கு. யாரு?"

"தெரியாது சார்."

"உன் மருமகளும் அந்தக் கதவுப் பக்கம்தான் வேலை செய்யறா. நீ ஒரு பேரைச் சொல்லிட்டா அவளுக்கு ஒண்ணும் வராது. நான் பாத்துக்கறேன்."

"தடவிப் பாக்கத்தான் சார் என்னை வெச்சீங்க. பேர் சொல்ல இல்ல."

"அப்போ தெரியும்?"

"நான் எதைச் சொன்னாலும் நீங்க நம்புவீங்களா சார்? உங்க இடத்துல நான் இருந்தா நம்ப மாட்டேன்."

அடுத்த திங்கட்கிழமை முன்வாசலில் பீப் பீப் என்று கத்தும் இயந்திரம் ஒன்று வந்தது. அதன் பக்கத்தில் நகரத்திலிருந்து கூட்டி வந்த இளம்பெண். கேட்டக்காவுக்குச் சம்பளத்தைக் குறைத்து, பின்படிக்கட்டில் நாற்காலி போட்டார்கள். சங்கிலி எடுத்த கதவு வழியாக யாரும் துணி கடத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

சங்கச் செயலாளர் வீடு தேடி வந்து பாராட்டினார். கூட்டத்தில் மேடையேறி நடந்ததைச் சொல்லும்படி கேட்டார்.

"என்னன்னு சொல்ல? போனை நான்தான் விட்டேன்னா? உடனே, யார்கிட்ட இருந்துச்சுன்னு கேப்பாங்க. நீங்களே முதல்ல கேப்பீங்க" என்று அனுப்பிவிட்டார். செயலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. நிர்வாகத்தோடு ஏதோ பேசி முடித்திருக்கிறாள், இல்லாவிட்டால் வேலையை விட்டே தூக்கியிருப்பார்களே என்று சங்கத்தில் இப்போது பேச்சு. சங்கத்து ஆளைத் தெரிந்தே உள்ளே விட்டவள் என்று மேலாளர் அறையில் பேச்சு. பாலத்தில் நின்ற காலத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "இங்க விசிறி இருக்கு" என்றார்.

வீட்டில் மருமகள் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறாள். "அத்தை, உங்களுக்குத் தெரியுமா?" இவர் திருப்பி, "எது?" என்றிருக்கிறார். அத்தோடு சரி. நீங்கள் ஏன் அவளிடம் எதுவும் கேட்கவில்லை என்று கேட்டக்காவிடம் கேட்டதற்கு, "தெரிஞ்சு வெச்சுக்கிட்டா, என்னிக்காவது ஒரு நாள் வாயில வந்துடும்" என்றார். மருமகள் என்னிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இப்போது பேருந்தில் கடைசி இருக்கைக்கு முன்னால் இருக்கிற இருக்கையில் உட்காருகிறாள்.

கதவு திறந்திருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நிர்வாகமே பத்திரிகைக்காரர்களை அழைத்திருந்தது. அப்படித்தான் நான் இரண்டாம் முறை போனேன். மற்றவர்கள் கதவைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனபின், அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். என்னையும் எந்தப் பக்கத்து ஆளோ என்றுதான் பார்த்தார். எனக்கும் அவர் மேல் சந்தேகம் தீரவில்லை. அந்தக் கைகளை மீறி ஒரு கைப்பேசி போயிருக்குமா? கேட்டே விட்டேன்.

"அன்னிக்கு அது உங்க கையில தட்டுப்பட்டுச்சா?"

"அன்னிக்கு நல்ல கூட்டம்" என்றார்.

அப்போது மேற்பார்வையாளர் உள்ளிருந்து வந்தார். வெளித் தூசி துணியில் படிகிறது, கதவைச் சாத்தி வைக்க வேண்டும் என்றார். "சரி சார்" என்று கேட்டக்கா எழுந்து கதவை நன்றாக அழுத்திச் சாத்தினார். மேற்பார்வையாளர் தையல் வரிசைகளுக்கு நடுவே நடந்து, கடைசி இயந்திரத்தையும் தாண்டி மறையும்வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவை ஒரு விரல்கடை அளவு திறந்தார். ஒரு கால் செருப்பைக் கழற்றி அந்தச் சந்தில் செருகினார். வெறுங்காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.