மயக்க மருந்து ஊற்றிய கை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை ஆளாக்கியவள். என் கை தவறாது என்று ஊரே சொல்லும். ஒருநாள் தவறியது.

வெள்ளைக்காரன் காலம். அப்போது எனக்கு மூன்று பிள்ளைகள்தான். மிளகு பறிக்க ஏறிய என் வீட்டுக்காரர் மரத்திலிருந்து விழுந்துவிட்டார். கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கப் பக்கத்து ஊரான சோளக்காட்டுக்கு வந்திருந்த டாக்டரிடம் தூக்கிப்போனோம். அவருக்கு உதவிக்கு ஆள் இல்லை. மயக்க மருந்துப் புட்டியை என்னிடம் கொடுத்தார்.

"மூக்கு மேல இருக்கிற துணியில, நான் சொல்றப்ப மட்டும் ஒரு சொட்டு விடுங்கம்மா."

"மூணு பிள்ளைக்குச் சங்குல மருந்து ஊத்துன கைங்க இது" என்றேன்.

டாக்டர் எலும்பை இழுத்ததும் வீட்டுக்காரர் முனகினார். எனக்குப் பொறுக்கவில்லை. டாக்டர் சொல்லாமலே மளமளவென்று ஊற்றினேன். முனகல் நின்றது. நிம்மதியாக இருந்தது. பிறகுதான் பார்த்தேன், நெஞ்சும் ஏறி இறங்கவில்லை.

"சாமி, நான் கூடுதலா ஊத்திப்போட்டனுங்க!"

டாக்டர் துணியைப் பிடுங்கி எறிந்தார். நாக்கை வெளியே இழுத்து, விலாவை அழுத்தி அழுத்தி விட்டார். கடைசியில் ஒரு இருமல் கேட்டது.

"மயக்கத்துல முனகுனது அவருக்கே தெரியாதுங்கம்மா. வலிச்சது உங்களுக்குத்தான்" என்றார் டாக்டர், மெதுவாக.

வீட்டுக்காரர் சாகும்வரை என்னைக் கைராசிக்காரி என்றே சொல்லித் திரிந்தார். நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், உண்மையைச் சொல்லவில்லை.

கண்ணு, பாட்டி சொல்லச் சொல்ல எழுதுனியே, நான் கூடுதலா ஊத்துனதை விட்டுப்போடலியே? படிச்சுக் காட்டு, சாமி.