தறி ஓடும்போது போடுங்கள்

காஞ்சிபுரத்தில் நானும் என் கணவரும் வீட்டிலேயே பட்டு நெய்கிறோம். காலையிலிருந்து பாட்டு ஓடினால்தான் எங்களுக்குக் கை ஓடும். அதனால் ஆசைப்பட்டு, உயர்ந்த ரக ஸ்பீக்கர் ஜோடி ஒன்று வாங்கத் துணிந்தோம். சென்னைக் கடைக்காரர் இரண்டு ஜோடிகளை வீட்டுக்கே கொண்டுவந்து போட்டுக் காட்டினார்.

யாராவது வந்தால் தறியை நிறுத்திவிட்டுப் பேசுவதுதான் எங்கள் தெருவில் மரியாதை. அன்றும் நிறுத்தினோம். ஆள் உயர ஜோடியில் மிருதங்கம் நெஞ்சில் வந்து மோதியது. சின்ன ஜோடி அதன்முன் சாதுவாகத் தெரிந்தது. "பெரிசே இருக்கட்டும்பா" என்று கணவர் சொல்லியேவிட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. தறியில் போய் உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்தேன். கடைக்காரர் முகம் சுளித்தார்.

"தறிய நிறுத்துங்கம்மா. இந்தச் சத்தத்துல யாராவது பாட்டு கேப்பாங்களா?"

"நாங்க கேப்போம். வேலை செஞ்சிக்கினேதான் கேப்போம். ரெண்டையும் மறுபடி போடுங்க."

போட்டார். பெரிய ஜோடியின் அதிர்வும் தறிச் சத்தமும் கலந்து, பாடுகிறவர் குரலே காணாமல் போனது. சின்ன ஜோடியில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"பெரிசுக்குத் தனி ரூம் வேணும்மா" என்று இழுத்தார்.

"அப்போ ரூம் இருக்கிறவங்களுக்குக் குடுங்க" என்றேன். சின்னதை வாங்கிக்கொண்டோம்.

இப்போதெல்லாம் யார் எதை விற்க வந்தாலும் நான் தறியை நிறுத்துவதில்லை. அவர்கள்தான் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. பேசட்டும்.