மடியில் ஏந்திய டாங்கி

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களுக்கும், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் அன்பர்கள் அனைவருக்கும் பகவதியம்மாளின் பணிவான வணக்கம். அமரர் சுடலைமுத்து அண்ணாச்சியைக் குறித்து எழுதித் தருவதாக நான் ஒப்புக்கொண்ட நினைவுரை பதினாறாம் நாள் கூட்டத்திற்கு வந்து சேரவில்லை. இன்று முப்பதாம் நாள். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். அண்ணாச்சி வாக்குக் கொடுத்துப் பழுதுபார்க்க வாங்கி வைத்திருந்த மூன்று படகு டாங்கிகள் எங்கள் கொட்டகையில் கிடந்தன. அவற்றை முடித்துக் கொடுத்த பிறகு பேனாவைத் தொடுவதே முறை என்று எண்ணினேன்.

செய்தி காலை எட்டு மணியளவில் வந்தது. அவர் குடியிருந்த சால் என்னும் வரிசை வீட்டின் பக்கத்து அறைக்காரர் கொட்டகை வாசலில் வந்து நின்று, "யக்கா, அண்ணாச்சி எந்திரிக்கல. நானும் கதவத் தட்டித் தட்டிப் பாத்துட்டேன்" என்றார். என் கையில் பழுத்த சூட்டுக்கோல் இருந்தது. எதிரே ஒரு டாங்கியின் விளிம்பில் ஈயம் பாதி ஓடியிருந்தது. "பாதி வச்ச பத்து, வைக்காத பத்தைவிட மோசம்" என்று ஈயப் பற்றைப்பற்றி அண்ணாச்சி சொல்வார். ஆகவே மீதிப் பாதியையும் ஓட்டி முடித்து, கோலைத் தண்ணீரில் தோய்த்துவிட்டுத்தான் புறப்பட்டேன். வந்தவர் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று எண்ணியிருக்கலாம். அண்ணாச்சி எண்ணியிருக்கமாட்டார்.

எங்கள் தொழிலை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். கோலிவாடா மீனவர் சிலரிடம் படகின் பின்புறம் மாட்டும் வெளிநாட்டு மோட்டார்கள் உண்டு. அவற்றுக்குப் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். அந்தக் கலவையைத் தாங்கும் தகர டாங்கி, உப்புத் தண்ணீரில் அரித்து ஒழுகத் தொடங்கும். புது டாங்கி கப்பலில் வரவேண்டும், வராது. ஆதலால் ஒழுகும் டாங்கியை அடைக்கத் தெரிந்தவர் கையில்தான் அந்தப் படகின் பிழைப்பு இருந்தது.

நான் அப்போது பழைய டின்களை வெட்டிப் புனலும் விளக்கும் செய்துகொண்டிருந்தேன். ஈயம் வைக்க எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. கையைச் சுட்டுக் கற்றேன். ஒருநாள் மோட்டார் மெக்கானிக்கான அண்ணாச்சி ஒரு டாங்கியைத் தோளில் சுமந்துவந்து என் முன் இறக்கினார். எண்ணெய்க்கறை படிந்திருந்த இடத்தை நான் சுரண்டி, நவச்சாரம் தேய்த்து, கண்ணாடிபோல் ஈயம் வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதே டாங்கி திரும்பி வந்தது. கறையும் அதே இடத்தில் இருந்தது. மேலும் ஒரு கனத்த பற்று வைத்தேன். மறுபடியும் வந்தது. என் வேலையில் குற்றம் இல்லை என்று நான் சற்றுக் கடுமையாகவே சொன்னேன்.

"உன் வேலையில குத்தமே இல்ல தங்கச்சி. ஓட்டையில்லாத எடத்த மூணு வருசத்துக்குத் தாங்குதாப்புல அடைச்சிருக்க" என்றார்.

அவர் மடியிலிருந்து திருநீற்றுச் சம்புடத்தை எடுத்தார். டாங்கியைத் துணியால் நன்றாகத் துடைத்து, கலவையை ஊற்றி, மேலிருந்து கீழ்வரை திருநீற்றைத் தூவினார். பிறகு இருவரும் டீ குடித்தோம். டீ முடிவதற்குள், கறைக்கு ஒரு சாண் மேலே, கைப்பிடி ஒட்டிய மூலையில் கடுகளவு ஈரப்புள்ளி கறுத்தது. பெட்ரோல் காற்றில் போய்விடும். எண்ணெய் மட்டும் தகரத்தோடு வழிந்து, தாழ்ந்த இடத்தில் தங்கும். "நீ எண்ணெ போய் உக்காந்த திண்டப் பாக்க. அது பொறப்பட்ட வாசலப் பாக்கணும்லா" என்றார். அன்றுமுதல் நாங்கள் ஒரே கொட்டகையில் தொழில் செய்தோம்.

ஆனால் அண்ணாச்சிக்கு நெருப்பென்றால் ஆகாது. இளமையில் ஒருமுறை, காலி டாங்கிதானே என்று தீக்குச்சி கிழித்து உள்ளே பார்த்தவர் அவர். புருவம் இரண்டும் போய்விட்டன. இடப்புறம் கடைசிவரை சரியாக முளைக்கவில்லை. "காலி டாங்கிதான் தங்கச்சி கடிக்கும். நெறஞ்சது சும்மாருக்கும்" என்பார். ஆகவே டாங்கியை வெந்நீரும் சலவைச்சோடாவும் விட்டு ஏழுமுறை அலசுவது அவர் பங்கு. ஏழாவது தண்ணீரை மோந்து பார்த்து, பெட்ரோல் வாசனை இல்லை என்று தலையசைப்பார். பின்னர் ஓட்டை மேலே இருக்கும்படி டாங்கியைச் சாய்த்து, ஓட்டைக்கு ஒரு விரற்கடை கீழ்வரை பச்சைத்தண்ணீர் நிரப்புவார். உள்ளே ஆவிக்கு இடம் இல்லையென்றால் நெருப்புக்கு வேலை இல்லை. அதன்பின் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டு, "இனி உன் பாடு" என்பார்.

வாடிக்கையாளர் அனைவரும் பற்று வைத்தது அவர் என்றே எண்ணினர். அண்ணாச்சி அதை ஒருநாளும் ஏற்கவில்லை. கேளாதவரிடமும், "இது பகவதி வச்சது, நான் அலசுனதோட சரி" என்று சொல்லிவிடுவார். அந்த நேர்மையால் எங்களுக்கு வேலை குறைந்தது. டிராம்பேயிலிருந்து வந்த ஒருவர், பெண்பிள்ளை பெட்ரோல் டாங்கியில் தீயை வைப்பதா என்று கேட்டு, அலசிய டாங்கியை அலசியபடியே தூக்கிக்கொண்டு போனார். என்னைப்பற்றிச் சொல்லாமல் இருந்துவிடுங்கள் என்று நானே வேண்டினேன். "என் கையில சூட்டுக்காயமே இல்ல. பாக்கவன் நம்புவானா?" என்று பேச்சை முடித்துவிட்டார்.

அப்படியிருக்கையில் கோலிவாடா ஜானாபாய் வந்தார். நாரியல் பௌர்ணமிக்கு நான்கு நாட்களே இருந்தன. அன்று கடலுக்குத் தேங்காய் விட்ட பிறகு படகுகள் எல்லாம் இறங்கும். ஜானாபாயின் படகு மட்டும் கரையில் நிற்கும் நிலை. டாங்கி ஒழுகிப் படகின் அடித்தட்டெல்லாம் எண்ணெயும் பெட்ரோலுமாக இருந்தது. வழக்கம்போல் திருநீறு தூவி ஓட்டையைக் கண்டு, அலசித் தண்ணீர் நிரப்பிய பின் நான் கரியடுப்பை ஊதுவதைக் கண்டதும் அவர் டாங்கியின் மேல் கைவைத்துத் தடுத்தார். வெடித்தால் யார் பொறுப்பு என்று இந்தியில் கேட்டார். அவருக்குப் பின்னால் நாலைந்து மீனவர்கள் நின்றார்கள். இந்த டாங்கியும் திரும்பிப் போனால் கோலிவாடாவிலிருந்து இனி ஒரு டாங்கியும் எங்களிடம் வராது என்பது எனக்குத் தெரிந்தது.

பத்தடி தள்ளி நின்ற அண்ணாச்சி நடந்து வந்தார். தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, தண்ணீர் நிரம்பிய டாங்கியைத் தூக்கித் தம் மடியில் வைத்துக் கட்டிக்கொண்டார்.

"வை" என்றார்.

"அண்ணாச்சி, தள்ளிப் போங்க. எனக்குக் கை நடுங்குது."

"எனக்குந்தான் நடுங்குது. ரெண்டு நடுக்கமும் ஒண்ணாச் சேந்தா நேராயிரும். வை தங்கச்சி."

கண்களை இறுக மூடிக்கொண்டார். நான் வைத்தேன். நவச்சாரம் புகைந்தது, ஈயம் ஓடிப் பிடித்தது. கால் நாழிகைகூட ஆகியிராது. கோலை எடுத்துவிட்டு, "முடிஞ்சுது அண்ணாச்சி" என்றேன். அவர் ஒரு கண்ணைத் திறந்தார், எழுந்தார். வேட்டி முன்புறம் முழுக்க நனைந்திருந்தது.

மீனவர்கள் சிரித்த சிரிப்பு கடற்கழிக்கு அப்பால் மாகிம் வரை கேட்டிருக்கும். ஜானாபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. வேட்டியைத் தொட்டுப் பார்த்தார், விரலை மோந்தார். "சோடா வாசம். இது டாங்கித் தண்ணி. அடியில இன்னொண்ணு இருக்கு" என்றார். டாங்கியைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடித்தகரத்தில் ஊசிமுனை அளவில் ஒரு துளை. பழைய எண்ணெய்க்கசடு அதனை அடைத்திருந்ததால் திருநீறு அதைக் காட்டவில்லை. வெந்நீரும் சோடாவும் கசடைக் கரைத்தபின் அவர் மடி காட்டிவிட்டது. அதைக் காணாமல் அனுப்பியிருந்தால் நடுக்கடலில் டாங்கி காலியாகியிருக்கும். அதனையும் அடைத்தேன். இம்முறை ஜானாபாய் தடுக்கவில்லை. இரண்டாவது பற்றுக்கும் அண்ணாச்சி டாங்கியை மடியிலேயே வைத்திருந்தார், கண்களையும் மூடிக்கொண்டார்.

கடைசிச் சோதனைக்காகக் கலவையை ஊற்றி, டாங்கியின் மேல் மூன்று விரலால் திருநீற்றை இழுத்துவிட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கறுக்கவில்லை. நான் துடைக்கப் போனபோது ஜானாபாய், "ரஹ்னே தோ, ரஹ்னே தோ" என்று, துடைக்க விடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதனைப் பூசை என்றே எண்ணிவிட்டார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பௌர்ணமியன்று அவர் படகு இறங்கியது. அடுத்த வாரமே ஒழுகாத டாங்கிகளைக்கூடச் சிலர் கொண்டுவந்து பட்டை போடச் சொன்னார்கள். இது பூசையன்று, சோதனை என்று நான் விளக்க முற்பட்டேன். "ரெண்டுக்கும் வித்தியாசம் என்ன தங்கச்சி? ரெண்டுலயும் போட்டுட்டுக் காத்துக்கிட்டுல்லா இருக்கோம்" என்றார் அண்ணாச்சி.

அந்த மாதமே அவர் ஒரு தகரத்தில் தம் கையாலேயே பெயர்ப்பலகை எழுதினார். எழுத்துகள் கோணலாயிருந்தன. 'பகவதியம்மாள் – படகு டாங்கி ரிப்பேர்' என்று எழுதிவிட்டு எனக்குக் காட்டினார். தகப்பனார் பெயரின் முதலெழுத்து இல்லாமல் பெயர் எழுதுவது முறையாகாது என்றேன். முணுமுணுத்துக்கொண்டே 'செ' என்ற எழுத்தை ஓரத்தில் நெருக்கி நுழைத்தார். உங்கள் பெயர் எங்கே என்று கேட்டேன். "எடம் தீந்துபோச்சு. அடுத்த பலகையில பாத்துக்கலாம்" என்றார். அடுத்த பலகைக்கு நானும் அவரை வற்புறுத்தவில்லை. இதுவே என் குறை.

அவருடைய ஸ்பானர்களைத் தொழில் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். நான் வைத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று அவருடைய திருநீற்றுச் சம்புடம், பாதி மீதமிருக்கிறது. மற்றொன்று, பற்று வைத்து முடித்த டாங்கியில் தண்ணீர் நிரப்பி மடியில் ஏந்தி உட்காரும் வழக்கம். அவர் விட்டுச்சென்ற மூன்று டாங்கிகளையும் அப்படியே ஏந்திப் பார்த்தேன். என் சேலை நனையவில்லை.

புதிய பலகைக்குத் தகரம் வாங்கியாயிற்று. பெயின்டர் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார். மேல் வரியில் அண்ணாச்சியின் பெயர், கீழ் வரியில் என் பெயர். என் முதலெழுத்துக்காக அவரை அத்தனை பாடுபடுத்திய நான், பக்கத்தில் உட்கார்ந்து தொழில் செய்த இத்தனை காலத்தில் அவர் தகப்பனார் பெயரைக் கேட்டறியவில்லை. சங்கப் பதிவேட்டில் 'சுடலைமுத்து, மோட்டார்' என்று மட்டுமே இருக்கிறது. அவருக்கு இங்கே உறவினர் எவரும் இல்லை. உங்களில் அவர் ஊரைச் சேர்ந்தவரோ, அவருடன் ஊரிலிருந்து கப்பலில் இங்கு வந்தவரோ, அவர் தகப்பனார் பெயரை அறிந்த வேறெவரோ இருந்தால், வெள்ளிக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்குமாறு ஒரு கார்டு எழுதிப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செ. பகவதியம்மாள்