உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளும்

இந்த நினைவு மலரின் அட்டையில் அக்கா முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து உறவினர்கள் யாரும் சங்கடப்பட வேண்டாம். அது பாஸ்போர்ட்டுக்காக ஆம்பூர் பஜாரில் எடுத்த படம். சிரிக்கக் கூடாது என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார், அக்காவும் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டார். தனியாக நின்று எடுத்துக்கொண்ட வேறு படம் வீட்டில் இல்லை. மற்ற படங்களில் எல்லாம் யாருடைய கல்யாணத்திலோ ஓரமாக, யாருடைய குழந்தையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

அக்கா கர்த்தருடைய சமாதானத்துக்குள் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. நல்ல வார்த்தை நாலு எழுதித் தரச் சொன்னார் போதகர் ஐயா. நல்ல வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சென்ற மாதம் டாக்காவிலிருந்து ஒரு போன் வந்தது. அதைக் கேட்ட அதிர்ச்சி இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. ஆகவே அக்காவின் நல்ல குணங்களோடு நான் செய்த ஒரு கெட்ட காரியத்தையும் சேர்த்து எழுதுகிறேன். திட்ட நினைப்பவர்கள் ஆராதனை முடிந்து சாப்பிட்ட பிறகு திட்டலாம், நான் வாசலில்தான் நிற்பேன்.

அக்கா பிறந்தது ஆலங்காயத்தில். அப்பா லாரியில் அடிபட்டு இறந்தபோது அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்கு எட்டு. அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு ஆம்பூருக்கு வந்தார். அக்கா ஷூ கம்பெனியில் பசை தடவும் வேலைக்குச் சேர்ந்தார். மூன்றாம் வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தார். பிறகு மற்றவர்களுக்குத் தைக்கச் சொல்லிக்கொடுக்கும் டிரெய்னர் ஆனார். என்னை லேப் டெக்னீஷியன் படிப்பு படிக்கவைத்து வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்பினார். அக்கா ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று இன்றைக்கும் என்னிடம் கேட்பவர்கள், உயிரோடு இருந்தபோது அவரிடமே கேட்டிருக்கலாம். தக்க பதில் கிடைத்திருக்கும்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. தைக்கிறவர்களுக்குத் தெரியும், தெரியாத உறவினர்களுக்காகச் சொல்கிறேன். மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் லைனை, அதாவது அந்த மெஷின் வரிசை முழுவதையும், நிறுத்த வேண்டும். பல இடங்களில் பெரிய துண்டு இரண்டை ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அக்காவிடம் அது நடக்காது. காந்தக் கட்டையை எடுத்துக்கொண்டு தரையில் முட்டி போட்டுவிடுவார். சூப்பர்வைசர் கத்தினால், "முனை இங்க இல்லன்னா எவனோ ஒருத்தன் கால்ல இருக்குதுன்னு அர்த்தம் சார்" என்பார். வீட்டிலும் இதே பேஜார்தான். ஒருநாள் ரேஷன் கார்டைக் காணோம் என்று கட்டிலைத் தெருவிலேயே போட்டுவிட்டார்.

அப்படிப்பட்டவரை டாக்காவில் புதிதாகத் தொடங்கிய ஒரு ஷூ கம்பெனிக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் அனுப்பினார்கள். சென்னையைத் தாண்டாதவர், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் வாந்தி எடுப்பவர், விமானம் ஏறிப் போனார். அங்கே இருபத்து நான்கு பெண்களுக்கு டிரெய்னர். நம் தெருவில் கற்ற உருதுவை வைத்துச் சமாளிக்கலாம் என்று போனவர், அந்த ஊரில் அந்த மொழிக்குப் பாகிஸ்தான் காலத்துப் பழைய வடு ஒன்று இருப்பதை ஒரு மளிகைக் கடைப் பெரியவரின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, ஆறு மாதத்தில் வங்காளம் பேசினார். அந்தப் பெண்கள் அவரை ஆபா என்றார்கள். உருது பேசும் நம் பக்கத்து வீட்டிலும் அக்காவை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள், அதனால் அவருக்கு அது அயலாகவே தோன்றவில்லை.

இரண்டாம் வருடம் மழைக்காலத்தில் அந்த நாடு தீப்பிடித்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, ஊரடங்கு போட்டார்கள். நெட்டை நிறுத்தினார்கள். அக்காவின் போன் அடங்கிப்போனது. ஆஸ்பத்திரி லேபில் ரத்தச் சோதனைக் குழாய்களுக்கு நடுவே உட்கார்ந்து டிவியில் டாக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெயர்கூடத் தெரியாத பையன்கள் விழுவதைப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் எங்கள் அக்காவின் மஞ்சள் சால்வை தெரிகிறதா என்று தேடினேன். வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. அம்மாவிடம் "டவர் இல்லையாம்" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

போன் லைன் கிடைத்ததும் அக்கா அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, ஏதோ அதிசயம் கண்டவர் போலப் பேசினார். ஹாஸ்டல் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிந்ததாம். நம் லைன் பெண்கள் வயதுப் பிள்ளைகள் கைகோத்து நின்றார்களாம். வீட்டுப் பெண்கள் மாடியிலிருந்து கயிறு கட்டித் தண்ணீர் பாட்டில் இறக்கினார்களாம். பிறகு ஆட்சியே கவிழ்ந்தது, தெருவில் ஒரு போலீஸ்காரர்கூட இல்லை. மறுநாள் மழையில் நனைந்துகொண்டு கல்லூரிப் பிள்ளைகள் விசிலும் குச்சியுமாக டிராஃபிக்கைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சின்னப் பெண் அக்காவின் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்கவைத்தாளாம்.

நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான், எப்போது டிக்கெட் போடுகிறாய்? இந்தியர்கள் பலரும் கிளம்பிவிட்டார்கள். கம்பெனியும் போகச் சொல்லிவிட்டது. அக்கா மறுத்தார். கம்பெனி மறுபடியும் திறந்த அன்று இருபத்து மூன்று பேர்தான் வந்தார்களாம். ரூமா என்ற பெண் வரவில்லை. அவள் போன் எடுக்கவில்லை, அறை பூட்டிக் கிடந்தது, ஆஸ்பத்திரிப் பட்டியலிலும் பெயர் இல்லை. அவளைக் கண்டுபிடிக்காமல் வர மாட்டேன் என்றார்.

"அவ யாரு, நீ யாரு? உனக்கு இன்னா பைத்தியமா?" என்று போனில் கத்தினேன்.

"என் லைன்ல உக்காந்த பொண்ணுடா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அம்மாவுக்கு இரண்டு வருடங்களுக்கு முன் கண்ணில் புரை எடுத்தபோது பிடித்த போட்டோ ஒன்று என் போனில் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில், பச்சைப் போர்வை, கண்ணில் பிளாஸ்திரி. கண் தெரியாதபடி படத்தை வெட்டினேன். "அம்மாவுக்கு சீரியஸ், உடனே வா" என்று எழுதி அனுப்பினேன். அம்மாவின் போனை ரிப்பேருக்குக் கொடுக்கிறேன் என்று வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குப் போன் போட்டு அக்கா விசாரித்துவிடக் கூடாதே என்று அவர்களிடமும் ஏதோ கதை கட்டினேன். பெற்ற தாயைச் சாகக் கிடப்பதாக எழுதிய கை இது.

மூன்றாம் நாள் அக்கா வந்துவிட்டார். கல்கத்தா வழியாகச் சென்னை, அங்கிருந்து ரயில். அரக்கோணம் தாண்டும்வரை நின்றுகொண்டே வந்தாராம். அம்மா கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு நான் நாலு பொய் தயாராக வைத்திருந்தேன். அக்கா பையைக் கீழே வைத்தார். அம்மாவிடம் "சாப்டியாம்மா?" என்றார். என் பக்கம் திரும்பி, "இளைச்சிப் போய்ட்டியேடா" என்றார். ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அதுதான் எனக்கு அவர் கொடுத்த தண்டனை என்று நினைத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் வாசற்படியில் உட்கார்ந்து டாக்காவுக்குப் போன் போடுவார். அந்த லைனின் பொறுப்பாளர் ஜஹானாரா எடுப்பார். ரூமா வந்தாளா என்று கேட்பார். இல்லை என்று பதில் வரும். கேட்டுக்கொண்டு நான் உள்ளே சோறு தின்றுகொண்டிருப்பேன். சொல்லிவிடலாம் என்று பலமுறை வாய்வரை வந்தது. சொல்லவில்லை, கோழை.

மற்றபடி அக்கா அந்த நாட்டைப் பற்றிப் பேசாத இடமில்லை. ஷேர் ஆட்டோவில், கோயில் வாசலில், டீ பிரேக்கில். "டாக்கா அக்கா வந்துட்டாங்க" என்று கிண்டல் செய்தார்கள். அந்த ஊரில் நம்மவர்களைத் திட்டுகிறார்களே, வீடுகளைக் கொளுத்துகிறார்களே, அவர்களையா புகழ்கிறீர்கள் என்று கோபப்பட்டவர்களும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னிலும் அக்கா பதில் சொன்னார்: "நாசம் நடக்கலைன்னு நான் சொல்லல. எங்க தெருவுல ஒரு நகைக்கடைய ஒடைச்சாங்க, கண்ணால பாத்தேன். இந்தியாக்காரின்னு என்னையும் ஒருத்தன் அசிங்கமா பேசினான், என் லைன் பொண்ணுங்கதான் என்னைச் சுத்தி நின்னாங்க. அடுத்த சந்துல இந்துக் கோயில் வாசல்ல தொப்பி போட்ட பசங்க விடிய விடிய காவல் உக்காந்தாங்க. மறுநாள் தொடப்பத்தோட ரோட்டுக்கு வந்தாங்க. ஒடைச்சதும் அந்த ஊருதான், பொறுக்கினதும் அந்த ஊருதான். நான் ரெண்டையும் பாத்தேன்."

இருபத்தைந்து வருடம் ஆம்பூர் கம்பெனி மேனேஜர் முகத்தை நிமிர்ந்து பார்க்காதவர், அந்த வருடம் நேராக அவர் மேஜைக்கு முன் போய் நின்றார். பெண்கள் கழிவறையின் சாவி சூப்பர்வைசரின் சட்டைப் பையில் இருக்கும், கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். அதைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டும்படி சொன்னார். பின்னால் அறுபது பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்களாம். சாவி இன்றும் ஆணியில்தான் தொங்குகிறது. இதை எனக்கு வேறொருவர் சொல்லித்தான் தெரியும். எங்கள் அக்காவா என்று இரண்டு முறை கேட்டேன்.

போன வருடம் இதே நாள் காலை பதினொரு மணிக்கு, மூன்றாவது மெஷினில் ஊசி உடைந்தது. அக்கா காந்தத்தை எடுத்துக்கொண்டு முட்டி போட்டார். எழுந்திருக்கவில்லை. நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். அவருடைய ரத்தம் என் மேஜைக்கு வந்தது. சீட்டில் பெயரைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த நிமிடத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அடக்கத்துக்கு வந்த லைன் பெண்கள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஆம்புலன்ஸ் போன பிறகு அழுதுகொண்டே தரையில் தேடி, மூன்றாவது துண்டையும் எடுத்து ஒட்டியிருந்தார்கள். கையெழுத்துப் போடும் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள்.

அந்த வாரம் ஜஹானாராவுக்குச் செய்தியைச் சொன்னது நான்தான். அடுத்த சனிக்கிழமை என்ன தோன்றியதோ, மறுபடியும் போன் போட்டு, ரூமா வந்தாளா என்று கேட்டேன். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் விடவில்லை. எங்கள் தெரு உருது, அவருடைய டிவி இந்தி, அப்படித்தான் பேசிக்கொள்வோம்.

சென்ற மாதம் அவரே கூப்பிட்டார். ரூமா கிடைத்துவிட்டாள். போராட்டத்தில் அவளுடைய தம்பிக்குக் கண்ணில் குண்டுத் துகள் பாய்ந்திருக்கிறது. பயந்துபோய் அவனைத் தூக்கிக்கொண்டு வடக்கே கிராமத்துக்குப் போனவள், போனையும் தொலைத்துவிட்டு அங்கேயே வயல் வேலை செய்திருக்கிறாள். ஜஹானாரா ஒவ்வொருவராக விசாரித்து, ஊர் பெயர் தெரிந்துகொண்டு, பஸ் ஏறிப் போய் அழைத்து வந்திருக்கிறார். ரூமா போனை வாங்கி, "ஆபா எங்கே?" என்றாள். யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

ஜஹானாரா திரும்பப் போனை வாங்கியதும் எனக்கு அடக்க முடியவில்லை. பொய் சொல்லி அக்காவை இழுத்து வந்தது நான்தான், இல்லாவிட்டால் அன்றைக்கே அவர் இவளைக் கண்டுபிடித்திருப்பார் என்று சொல்லிவிட்டேன்.  அது தனக்கு முன்பே தெரியும் என்றார் ஜஹானாரா.

அந்தப் படம் போன அன்று கேன்டீனில் அக்கா அதை அவரிடம் காட்டினாராம். கண்ணைத்தான் நான் வெட்டியிருந்தேன். மூலையில் இருந்த பச்சை டம்ளரைக் கவனிக்கவில்லை. அது அக்காவின் டம்ளர், அந்த ஆபரேஷனுக்குக் கூட இருந்தவர் அவர்தான். ஜஹானாரா சொன்னதை அக்காவின் பேச்சிலேயே எழுதுகிறேன்: "என் தம்பிக்குப் பொய் சொல்ல வராது. இவ்ளோ மட்டமா ஒரு பொய் சொல்றான்னா அங்க அவன் ஒடைஞ்சி போயிருக்கான். நான் போய் அவனைப் பாக்குறேன். நீ ரூமாவைத் தேடு, விட்டுடாத."

ஏமாற்றிவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை மாதமும், தெரிந்தே என் எதிரில் உட்கார்ந்து சோறு பரிமாறியிருக்கிறார். என்னைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்றே வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். அக்கா, என்னை மன்னித்துவிடு என்று நேரில் கேட்க எனக்கு நாளா இல்லை? எத்தனை சனிக்கிழமை இருந்தது.

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த ஓட்டுநருக்கும், அடக்க நாளில் அம்மாவைத் தன் மடியில் சாய்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு ஆபாவுக்கும், போதகர் ஐயாவுக்கும், பாடகர் குழுவினருக்கும், மூன்றாவது துண்டைத் தேடி எடுத்த லைன் சகோதரிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாத ஜஹானாராவுக்கும் அந்த இருபத்து நான்கு பெண்களுக்கும் இந்த மலரில் ஒரு கட்டு போகிறது. படத்தையாவது பார்க்கட்டும். அக்கா மதித்த அந்த நாட்டுக்கு நான் வேறு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். போட்டோ வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அம்மா "படிடா" என்றார். முழுவதும் படித்தேன். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அந்த ரூமா பொண்ணோட தம்பிக்குக் கண்ணு இப்ப தெரியுதா, இன்னா? கேட்டியா?"

நான் கேட்கவில்லை. இந்தச் சனிக்கிழமை கேட்க வேண்டும்.