கழுத்துப்பட்டையும் ஒரு கூடை சீலாவும்

திரேஸ்புரம் மீன் ஏலத்துல அல்போன்சா அக்கா வாயத் தொறந்து யாரும் பாத்ததில்ல. வீட்டுல மூடிப் பாத்ததில்ல, அது வேற. ஏலத்துல அவ நாடி, அதான் மோவாக்கட்ட, மட்டும் ஒரு விரக்கடை கீழ எறங்கும். ஏலக்காரர் சுடலைக்கண்ணன் அண்ணாச்சி அதப் பிடிச்சிருவாரு. "ஆங்... கேட்டாச்சு! மேல யாரு, மேல யாரு!" யாரு கேட்டான்னு பக்கத்துல நிக்கவளுக்கே தெரியாது. இருவத்தாறு வருசமா அக்கா யாவாரமே அந்த ஒரு விரக்கடைதான்.

அந்தக் கழுத்துல வலி வந்துட்டு. ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட்டப் போன்ல அவளே தேடிப் படிச்சா. டிஸ்க் பல்ஜ், எலும்புத் தேய்மானம். "போச்சுளா! தலைய ஆட்டுனா கழண்டு விழுந்துரும்." மருந்துக்கடையில கழுத்துப்பட்ட வாங்கி மாட்டுனவ, மூணு மாசம் குளிக்க மட்டுந்தான் கழத்துனா.

பட்ட போட்டா நாடி எங்க எறங்கும்? அதனால அக்கா கையத் தூக்க ஆரம்பிச்சா. "எக்கா, ஈ ஓட்டுதியளா?"ன்னாரு அண்ணாச்சி. ஏலமே திரும்பிப் பாத்துச்சு. அக்கா கண்ணு எந்தக் கூடை மேலன்னு தெரிஞ்சதும் எதிர்யாவாரி முருகேஸ்வரி மேல ஏத்திருவா. வாயும் சும்மா இருக்காது: "ஏளா, கோயில்ல சுரூபம் நிக்க மாதிரில்லா நிக்கா! மால போடுவமா?" நல்ல வெலைக்குப் போற சீலா மீன் பூரா முருகேஸ்வரிக்கு. அக்காவுக்கு மலிவான சாள மீன்தான் மிச்சம்.

கடைசியில ஜெப்ஸி டாக்டர்ட்ட போனா. நாசரேத்துக்காரங்க, ஜெபம் பண்ணுத மாதிரி மெதுவாப் பேசுவாங்க. கைய இறுக்கிப் பிடிக்கச் சொன்னாங்க. "அம்மாடி... விடுங்க"ன்னு டாக்டரே கைய உருவிக்கிட்டாங்க. நடக்க விட்டாங்க, சுத்தியலால முட்டியில தட்டுனாங்க.

"உங்க மீன் வண்டி சீட்டு, வாங்குனப்ப இருந்த மாதிரியா இருக்கு?"

"அமுங்கி ஓரமெல்லாம் பிதுங்கிட்டு."

"ஒக்கார முடியலையா?"

"ராணி மாதிரி ஒக்காருதேன்."

"எலும்புக்கு நடுவுல இருக்க டிஸ்க்கும் அப்படித்தான். வயசானா தண்ணி வத்தி அமுங்கும், ஓரம் பிதுங்கும், மூட்டு தேயும். வலியே இல்லாத ஆளுகளுக்கும் ஸ்கேன்ல இது நெறைய தெரியும். உங்க கையில பெலன் இருக்கு, நட நேரா இருக்கு. பட்ட போட்டுப் போட்டுத்தான் தச சோர்ந்து போச்சு. கழத்துங்க, தினமும் கொஞ்சங்கொஞ்சமா அசைங்க. கை பெலன் கொறஞ்சாலோ, நட தள்ளாடுனாலோ, ஒண்ணுக்கு அடக்க முடியலன்னாலோ அன்னைக்கே வந்துரணும்."

"அப்ப ஆட்டலாமா?"

"எத?"

"தலைய!"

"தாராளமா."

ஒன்றர மாசம் டாக்டர் சொன்ன பயிற்சி செஞ்சா. பெறகு ஒரு காலையில பட்ட இல்லாம ஏலத்துல வந்து நின்னா. ஒரு கூடை சீலா, வெள்ளிக் கட்டி மாதிரி. முருகேஸ்வரி, அக்காவோட கையையே பாக்கா. கை இடுப்புலயே இருக்கு. நாடி எறங்குச்சு. கழுத்துல 'நொடுக்'னு ஒரு சத்தம்.

"ஆங்... கேட்டாச்சு! மேல யாரு, மேல யாரு!"

"யாருளா கேட்டது?" முருகேஸ்வரி சுத்திச் சுத்திப் பாக்கா. அவ பாத்து முடிக்கதுக்குள்ள கூடை அக்கா வண்டியில ஏறிட்டு.

"வலிக்கலையாக்கா?"ன்னு, கூடைய ஏத்திவிட்ட நான் கேட்டேன்.

"லேசா வலிக்கத்தான்டா செய்யுது," வண்டிய ஒதைச்சுக்கிட்டே சொன்னா. "அதுபாட்டுக்கு வலிக்கட்டும். சீலா கெடச்சிட்டுல்லா!"